ஒற்றைக்காலில் ஒரு தூக்கம்

காலை நிகழ்ச்சியில் ஒன்பது மணி செய்திக்கு முன்னால் ஒரு விளம்பர இடைவேளை வரும். அந்த மூன்று நிமிடத்தில்தான் நேயர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் தகவல்களைப் பார்ப்பேன். பாட்டு விருப்பம், பிறந்தநாள் வாழ்த்து, “தம்பி, தீவு விரைவுச்சாலையில் நெரிசல், சொல்லிடுங்க” என்று வழக்கமானவை வந்திருக்கும். போன மாதம் ஒரு நாள் அங் மோ கியோவிலிருந்து ஓர் அக்கா புகைப்படம் ஒன்றை அனுப்பியிருந்தார்.

ஆற்றோரப் பாறையில் ஒரு சாம்பல் நாரை. சிறகுகளை விரிக்கவும் இல்லை, மடக்கவும் இல்லை. இரண்டையும் பாதி திறந்து, உட்பக்கம் வெயிலைப் பார்க்கும்படி கீழே தொங்கவிட்டு நின்றது. சந்தைக்குப் போய்விட்டு வந்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மின்விசிறிக்கு முன்னால் நிற்கும் மாமாக்களைப் பார்த்திருப்பீர்கள். அச்சு அசல் அதே தோரணை.

கூடவே ஒரு குரல் பதிவு. “தம்பி, இந்தப் பறவைக்கு ரெண்டு றெக்கையும் உடைஞ்சிருச்சு போல. பத்து நிமிஷமா அப்படியே நிக்குது. பாவமா இருக்கு. யாருக்குப் போன் பண்றது?”

அடுத்த பாட்டு ஓடும்போது அவரை அழைத்தேன். “அக்கா, அதுக்கு ஒண்ணும் ஆகல. வெயில் காயுது.”

“வெயில் காயுதா? இந்த ஊர்லயா? நாமெல்லாம் வெயில்ல நிக்காம இருக்க வழி தேடுறோம், அது தேடிப்போய் காயுதா?”

பத்து நிமிடம் கழித்து அவரிடமிருந்து இன்னொரு தகவல் வந்தது. “பறந்து போயிருச்சு தம்பி. நல்லாத்தான் பறக்குது.” பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நடப்பவர்கள் இந்தக் காட்சியை ஒரு நாளாவது பார்த்திருப்பார்கள். 2.7 கிலோமீட்டருக்குக் கான்கிரீட் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்த காலாங் ஆற்றின் அந்தப் பகுதியை 2012-இல் வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் இயற்கை ஆறாக மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாரையும் கொக்கும் நம் புளோக்குகளுக்குப் பக்கத்திலேயே குடிவந்துவிட்டன. நாம் எழுந்து பல் துலக்கும் நேரத்தில் அவை குளிர்ந்த நீரில் நின்று மீன் பிடித்து முடித்திருக்கும். இறகு ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தில் இறகுப் பேன்களுக்குக் கொண்டாட்டம். வெயிலில் சிறகைத் திறந்து வைத்தால் ஈரமும் உலரும், சூடு பொறுக்காமல் பேன்களும் இடம் மாறும். பிறகு அலகால் கோதி எடுப்பது சுலபம் என்று பறவை ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். நம் பாட்டிகள் தலையணையையும் மெத்தையையும் வெயிலில் போட்டுத் தட்டியதும் ஏறக்குறைய இதே காரணத்துக்காகத்தான்.

வெயில் அளவுக்கு மீறிப் போனாலும் நாரைக்கு வழி உண்டு. அலகை லேசாகத் திறந்து தொண்டைத் தோலைப் படபடவென்று துடிக்கவிடும். அந்த அதிர்வில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி உடம்பு குளிரும். அதையும் பார்த்துவிட்டு, “பறவைக்கு வலிப்பு வந்துவிட்டது” என்று ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். வானொலிக்காரன் கால்நடை மருத்துவனும்தான் என்று நேயர்கள் எப்போது முடிவு செய்தார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டதற்குக் காரணம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒலிபரப்பில் நான் உளறிய ஒரு வாக்கியம்.

அன்று ஏதோ ஒரு பாட்டை அறிமுகப்படுத்தும்போது, “நாரைக்கு முட்டி பின்பக்கமா மடங்கும், நமக்கு முன்பக்கமா மடங்கும், அவ்வளவுதான் வித்தியாசம்” என்று ஒரு வரியைச் சொல்லிவைத்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு தொலைபேசி அழைப்பு. ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர். கோபமே இல்லை. வகுப்பில் கடைசி வரிசைப் பையனிடம் கேட்பதுபோல, “தம்பி, கொஞ்சம் எழுந்து நின்னு குதிகாலைத் தூக்குங்க. விரல்லயே நில்லுங்க. நிக்கிறீங்களா?” என்றார். ஒலிபரப்புக் கூடத்துக்கு வெளியே நடைவழியில், கையில் தொலைபேசியோடு, குதிகாலைத் தூக்கி நின்றேன். அந்த வழியாக வந்த செய்திப் பிரிவுத் தோழி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

“இப்போ நீங்க நாரை” என்றார் ஐயா.

அவர் சொன்னது இதுதான். நாரையின் காலில் நடுவே தெரிகிற அந்த மூட்டு முட்டி இல்லை. அது கணுக்கால். முட்டி மேலே, வயிற்றை ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கிறது. நம்முடையதைப் போலவே முன்பக்கம்தான் மடங்கும். கணுக்காலுக்குக் கீழே நீளமாகத் தெரிவது, எலும்புகள் ஒன்றாக இணைந்து நீண்டுபோன பாதம். தரையில் படுவது விரல்கள் மட்டுமே. ஆக, நாரையும் கொக்கும் வாழ்நாள் முழுவதும் குதிகாலைத் தூக்கி, விரல் நுனியில் நடக்கின்றன.

“நேர்ல பார்த்தா நல்லாப் புரியும். சுங்கை பூலோவுக்கு வாங்க. கடல் ஏற்றத்துக்கு வரணும், நேரம் நான் சொல்றேன்” என்றார். அது ஓர் அக்டோபர் மாதம். பள்ளி விடுமுறை விடாத நேரம், ஆனாலும் சனிக்கிழமை. எட்டு வயதான அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு கிராஞ்சிக்குப் போனேன்.

சுங்கை பூலோவின் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் அது இறால் பண்ணை. 1986-இல் மலாயன் இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் அங்கே இவ்வளவு பறவைகள் வந்திறங்குவதைக் கண்டு அரசிடம் எடுத்துச் சொன்னார்கள். 1993-இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002-இல் சட்டப்படி இயற்கைக் காப்பகமானது. பழைய இறால் குளங்களும் மதகுகளும் இன்னமும் இருக்கின்றன. இப்போது அந்த மதகுகளை வைத்து, பறவைகள் நிற்பதற்குத் தோதாகக் குளத்து நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். இறாலுக்காகக் கட்டியது உள்ளானுக்கு உதவுகிறது.

முதலில் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் மூக்கு நாரை. கரையில் உட்கார்ந்திருந்தது. நிற்கவில்லை, உண்மையாகவே உட்கார்ந்திருந்தது. நீண்ட கால்களின் கீழ்ப்பாதி தரையில் முன்னோக்கிப் படிந்திருக்க, அதன்மேல் உடம்பு.

“மாமா, அதுக்குக் கால் உடைஞ்சிருச்சு” என்றான் மருமகன்.

ஐயா அவனைக் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னார். அம்மிக்கு முன்னால் உட்காருவதுபோல, முழுப் பாதமும் தரையில் படும்படி. “இதைத்தான் அதுவும் செய்யுது. நாளெல்லாம் விரல் நுனியிலேயே நின்ன பறவை. இப்போ குதிகாலைத் தரையில வச்சு உட்கார்ந்திருக்கு. அவ்வளவுதான்.” பையன் தன் குதிகாலைப் பார்த்தான், பறவையைப் பார்த்தான், மறுபடியும் தன் குதிகாலைப் பார்த்தான். ஆறு மாதம் பாடநூலில் படித்தாலும் அவனுக்கு அப்படிப் பதிந்திருக்காது. எனக்கும்தான்.

அதற்கு அப்பால், குளத்தின் நடுவே சேற்றுத் திட்டில், நூறு பறவைகளாவது இருக்கும். பொன்னிற உப்புக்கொத்திகள், சிவந்த கால்களோடு பவளக்காலிகள், ஓரத்தில் நான்கைந்து விம்பிரல்கள். விம்பிரல் என்பது அரிவாள்போல் வளைந்த நீண்ட அலகுள்ள பறவை. எல்லாமே ஒரே திசையைப் பார்த்து நின்றன. பெரும்பாலானவை ஒற்றைக்காலில். தலையைப் பின்னால் திருப்பி, அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்க்கக் குச்சியில் குத்தி வைத்த உருண்டைகள்போல இருந்தன.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நிலையத்தின் இன்ஸ்டகிராம் பக்கத்துக்கு ஒரு காணொளி வேண்டும். தூங்கும் பறவையை யார் பார்ப்பார்கள்? கூட்டமாகப் பறந்தால் அழகு. கைப்பேசியை மருமகனிடம் கொடுத்து எடுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்துப் பலமாகத் தட்டினேன்.

நூறு பறவையும் ஒரே நேரத்தில் எழும்பின. குளத்தைச் சுற்றி இரண்டு வட்டம். வெயிலில் வெள்ளையும் பழுப்புமாக மாறி மாறி மின்னியது. மருமகன் துள்ளிக் குதித்தான். காணொளி நன்றாகத்தான் வந்திருந்தது.

ஐயா எதுவும் பேசவில்லை. பறவைகள் மறுபடியும் இறங்கும்வரை காத்திருந்தார். பாதிதான் இறங்கின. மீதி காண்டாமரங்களுக்கு அப்பால் போய்விட்டன.

“நீங்க காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?” என்று கேட்டார்.

“நாலு மணிக்கு ஐயா.”

“மத்தியானம் தூங்குவீங்க இல்ல?”

“ஆமா.”

“மேல் வீட்டுல புதுப்பிப்பு வேலை நடந்து, சுவத்துல துளை போட்டா எப்படி இருக்கும்?”

எனக்குக் காது சுட்டது. ஏனென்றால் அந்த மாதம் எங்கள் புளோக்கில், எனக்கு நேர் மேலே, அதுதான் நடந்துகொண்டிருந்தது. சரியாக நான் கண்ணயரும் இரண்டு மணிக்குத் தொடங்குவார்கள். மூன்று வாரம் நான் மனிதனாகவே இல்லை. தயாரிப்பாளரிடம் எரிந்து விழுந்தேன், வார்த்தை குழறியது, ஒருமுறை நேரத்தையே தவறாகச் சொன்னேன்.

அந்தத் திட்டில் நின்ற பறவைகளும் முறைவேலைக்காரர்கள்தாம். அவற்றின் கடிகாரம் கடல். நீர் இறங்கும்போது சேறு வெளியே தெரியும். அதில் புழுவும் நண்டும் சிப்பியும் கிடைக்கும். அது பகலானாலும் இரவானாலும் அப்போதுதான் சாப்பாடு. நீர் ஏறிவிட்டால் சாப்பாட்டுக் கடைக்குக் கதவு சாத்தியாகிவிடும். அடுத்த இறக்கம்வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சில மணி நேரம்தான் தூக்கம். நாம் வாரக் கடைசியில் சாவகாசமாகப் பறவை பார்க்கப் போகும் நேரம் பெரும்பாலும் அவற்றின் நள்ளிரவு.

அவை எங்கிருந்து வந்தவை என்று தெரிந்தபோது இன்னும் கூச்சமாகிவிட்டது. பொன்னிற உப்புக்கொத்தியும் விம்பிரலும் சைபீரியாவின் வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்னால் தெற்கே கிளம்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இங்கே வருகின்றன. திரும்பவும் அதே தூரம் போக வேண்டும். கரையோரப் பறவைகளில் சில இனங்கள் நீண்ட பயணத்துக்கு முன் தின்று தின்று எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொள்ளும். கொழுப்புதான் எரிபொருள். ஒவ்வொரு முறை பயந்து எழும்பும்போதும் அதிலிருந்து கொஞ்சம் செலவாகிறது. கடல் ஏற்றத்தில் அதை ஈடுகட்டச் சாப்பிடவும் வழியில்லை. வழியில் இளைப்பாறுகிற இடங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலோரச் சேற்றுவெளியில் பாதிக்கு மேல் கடந்த அரை நூற்றாண்டில் மறைந்துபோயிற்று.

அந்தக் காணொளியை நான் பதிவேற்றவில்லை. அழித்தும் விடவில்லை. அது இன்னமும் கைப்பேசியில் இருக்கிறது.

சரி, அந்த ஒற்றைக்கால் விவகாரத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு மருமகன் விடவில்லை. “ஏன் மாமா ஒரு கால்ல தூங்குது? விழாதா?” தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. முன்போல் உளறவும் பயம். தேடிப் படித்தேன். பிறகு ஐயாவிடமும் சரிபார்த்தேன்.

பறவையின் உடல் வெப்பம் சுமார் 40 டிகிரி செல்சியஸ். உடம்பு முழுக்க இறகுப் போர்வை. ஆனால் காலும் அலகும் திறந்த வெளி. வீட்டில் குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டு இரண்டு சன்னல்களைத் திறந்து வைத்ததுபோல, வெப்பம் அந்த வழியாகத்தான் வெளியேறும். ஒரு காலை மடக்கி வயிற்று இறகுக்குள் வைத்துக்கொண்டால் ஒரு சன்னல் மூடியாயிற்று. அலகை முதுகில் செருகினால் அடுத்ததும் மூடியாயிற்று. எல்லாப் பறவைகளும் ஒரே திசையைப் பார்த்தது காற்றுக்காக. எதிர்க்காற்றில் நின்றால் இறகு படிந்திருக்கும். முதுகுக் காற்றில் நின்றால் கலைந்து, உள்ளே இருக்கும் சூடு போய்விடும்.

கால் வழியாக எல்லாச் சூடும் போய்விடாமல் இருக்க உள்ளேயும் ஓர் ஏற்பாடு உண்டு. காலுக்கு இறங்கும் சூடான ரத்தக் குழாயும் காலிலிருந்து ஏறும் குளிர்ந்த ரத்தக் குழாயும் ஒன்றையொன்று ஒட்டிச் செல்கின்றன. இறங்குகிற ரத்தம் தன் சூட்டை ஏறுகிற ரத்தத்திடம் கொடுத்துவிட்டுப் போகும். அதனால் பாதம் குளிர்ந்திருக்கும், உடம்பு குளிராது.

“சைபீரியாவில் சரி, சிங்கப்பூரில் எதற்கு?” என்ற சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கும். நமக்குச் சூடாகத் தெரிகிற 30 டிகிரி, 40 டிகிரி உடம்புக்குப் பத்து டிகிரி குறைவு. அதிலும் தண்ணீர் காற்றைவிட வேகமாக வெப்பத்தை உறிஞ்சும். நீச்சல் குளத்தில் அரை மணி நேரம் இருந்தால் நம் பிள்ளைகளின் உதடு நீலமாகிறதே, அதே கணக்கு. அமெரிக்காவின் பிலடெல்பியா விலங்குத் தோட்டத்தில் பூநாரைகளைக் கவனித்து 2010-இல் ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. தரையில் ஓய்வெடுக்கும்போது இருந்ததைவிட, தண்ணீரில் நிற்கும்போது பூநாரைகள் ஒற்றைக்காலை அதிகம் நாடின. வெப்பம் ஏற ஏற ஒற்றைக்காலில் நிற்பவை குறைந்தன.

பூநாரை என்றதும் இந்த ஊர்க்காரர்களுக்கு ஜூரோங் பறவைப் பூங்கா நினைவு வரும். வகுப்போடு போய், இளஞ்சிவப்புக் கூட்டத்துக்கு முன்னால் நாமும் ஒற்றைக்காலில் நின்று படம் எடுத்துக்கொண்ட தலைமுறை இது. 2023 ஜனவரியில் அது மூடப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் மண்டாயில் புதிய பூங்கா திறந்தது. இயற்கையில் பார்க்க வேண்டுமென்றால், தமிழகத்தில் கோடியக்கரைக்கும் பழவேற்காடு ஏரிக்கும் பூநாரைகள் வரும். அவற்றைப் பற்றிய இன்னோர் ஆய்வு என்னை நிஜமாகவே அசரவைத்தது.

ஒற்றைக்காலில் நிற்பது என்றால் நமக்குக் கடினமான காரியம். பிள்ளை ஒன்றைக் கேட்டு அடம் பிடித்தால், “ஒத்தக் கால்ல நிக்கிறான்” என்கிறோம். தவம் செய்பவர்களும் ஒற்றைக்காலில்தான் நிற்பார்கள். மாமல்லபுரம் பாறைச் சிற்பத்தில் விலா எலும்பு தெரிய ஒரு காலில் நிற்கும் தவசியைப் பார்த்திருப்பீர்கள். அவரைப் பார்த்து ஒரு பூனையும் அதே மாதிரி தவம் செய்கிற குறும்பும் அங்கே உண்டு. எனவே பறவையும் ஏதோ பெரிய முயற்சி எடுத்துத்தான் நிற்கிறது என்று நினைத்திருந்தேன்.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் யங் ஹூய் சாங், லீனா டிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட முடிவு அதற்கு நேர்மாறானது. அவர்கள் இறந்துபோன பூநாரைகளின் உடல்களை எடுத்துக்கொண்டார்கள். உயிரில்லாத உடம்பில் தசை வேலை செய்யாது. அந்த உடலை ஒரு காலில் நிற்கிற நிலையில், பாதம் உடம்பின் நடுவுக்கு நேர்கீழே வரும்படி வைத்தார்கள். அது மடங்கவில்லை. எடையைத் தாங்கி அப்படியே நின்றது. முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தபோதும் மூட்டுகள் இளகவில்லை. இரண்டு காலில் நிற்பதுபோல் காலை நேர்க்கோட்டுக்கு மாற்றியதும் அந்தப் பிடிமானம் போய்விட்டது.

அதாவது, ஒற்றைக்காலில் நிற்கும்போது உடம்பின் எடையே மூட்டுகளை ஒரு நிலையில் இருத்திவிடுகிறது. தசைக்கு அநேகமாக வேலையே இல்லை. இளம் பூநாரைகளை எடை உணரும் தட்டின்மேல் நிற்கவைத்தும் பார்த்தார்கள். விழித்து, கழுத்தை அசைத்துக்கொண்டிருந்தபோது உடம்பு ஆடியது. தூங்கத் தொடங்கியதும் ஆட்டம் குறைந்தது. நாம் உட்கார்ந்து தூங்கினால் தலை சரிந்து பக்கத்து இருக்கைக்காரர் தோளில் போய் விழும். பூநாரை தூங்கினால் இன்னும் உறுதியாக நிற்கிறது.

தவம் என்று நாம் நினைத்தது, அந்தப் பறவைக்குக் கிடைத்த மிகச் சோம்பேறித்தனமான நிலை. இந்த ஒன்றைப் படித்த அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. மறுநாள் காலை ஒலிபரப்பில் இதைச் சொன்னபோது, “அப்போ எங்க வீட்டுக்காரரும் பூநாரைதான்” என்று உடனே ஒரு தகவல் வந்தது.

வெப்பமா, தசையா, எது முதன்மைக் காரணம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம். சூட்டையும் மிச்சம் பிடிக்கிறது, உழைப்பையும் மிச்சம் பிடிக்கிறது. கரையோரப் பறவைகளை நெருங்கிப் பார்த்தால் இது புரியும். நாம் பக்கத்தில் போனால் சில நேரம் அவை பறக்காது, காலையும் இறக்காது, ஒற்றைக்காலிலேயே தத்தித் தத்தி நகரும். “ஒரு கால் இல்லாத பறவை” என்று எனக்கு வந்த தகவல்களில் பாதி இந்த வகைதான்.

தூக்கமும் பாதிதான். வாத்துகளை வைத்து 1999-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், வரிசையின் ஓரத்தில் தூங்கிய வாத்துகள் வெளிப்பக்கம் பார்த்த கண்ணைத் திறந்தே வைத்திருந்தன. அந்தக் கண்ணோடு தொடர்புள்ள மூளையின் பாதி விழித்திருந்தது, மறுபாதி தூங்கியது. நடுவில் இருந்தவை இரண்டு கண்ணையும் மூடி நிம்மதியாகத் தூங்கின. சுங்கை பூலோ திட்டிலும் முதுகில் முகம் புதைத்த பறவையைத் தொலைநோக்கியில் உற்றுப் பார்த்தால், இறகுக்கு மேலே ஒரு கண் அவ்வப்போது திறந்து மூடுவது தெரியும். கைக்குழந்தை உள்ள வீட்டில் தாய்மார்கள் தூங்குவது இப்படித்தான் என்று அக்கா சொன்னாள். அதற்கு ஆய்வு தேவையில்லை என்றும் சொன்னாள்.

பிள்ளைகள் படித்தால் ரசிக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டே படிப்பதாக இருந்தால் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம். வெயில் தாங்காதபோது சில நாரை இனங்கள் தம் கால்மேலேயே எச்சமிடும். கழிவிலுள்ள ஈரம் ஆவியாகும்போது கால் குளிரும், காலில் ஓடும் ரத்தமும் குளிரும். அதனால்தான் சில நாரைகளின் கால் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாக இருக்கும். அமெரிக்க மர நாரைகளில் இதை பிலிப் கால் என்ற ஆய்வாளர் 1963-இல் விவரித்தார். நாரையின் கணுக்காலுக்குக் கீழே அடையாள வளையம் மாட்டினால் எச்சம் அதில் படிந்து இறுகிக் காலைப் புண்ணாக்கும் என்பதால், வளையத்தைக் கணுக்காலுக்கு மேலே மாட்டும் வழக்கமும் பிறகு வந்தது. மருமகன் இதைத் தன் வகுப்பில் சொல்லி, ஆசிரியரிடம் பாராட்டும் நண்பர்களிடம் அதைவிடப் பெரிய பாராட்டும் வாங்கினான்.

ஆகவே, நேயர் அக்காக்களே, மாமாக்களே, ஒரு வேண்டுகோள். பறவை சிறகைத் தொங்கவிட்டு நின்றாலோ, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாலோ, ஒற்றைக்காலில் கண்ணை மூடியிருந்தாலோ, முதலில் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பாருங்கள். பக்கத்தில் போய்ப் பார்க்காதீர்கள், உணவு போடாதீர்கள், எழுப்பிப் பார்க்கவே பார்க்காதீர்கள். ரத்தம் தெரிந்தால், ஒரு பக்கச் சிறகு மட்டும் தரையில் இழுபட்டால், தூண்டில் நூல் காலில் சுற்றியிருந்தால், அப்போது தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லுங்கள். எனக்கும் சொல்லலாம், ஆனால் பாட்டு ஓடும் நேரத்தில் மட்டும்.

இந்த அக்டோபரிலும் போனோம். மருமகனுக்கு இப்போது பத்து வயது. ஐயாவுக்கு மூட்டு வலி, வரவில்லை. கடல் ஏற்ற நேரத்தை மட்டும் தகவலில் அனுப்பிவைத்தார். குடிலுக்குள் ஏற்கெனவே ஒரு குடும்பம் நின்றது. சின்னப் பெண் ஒருத்தி பலகையில் தாளம் போட ஆரம்பித்ததும், மருமகன் உதட்டில் விரலை வைத்து, “ஷ்ஷ்... நைட் ஷிஃப்ட்” என்றான். அவள் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன்.

திட்டில் ஒரு விம்பிரல் எங்களுக்கு நேராக நின்றது. மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “மாமா, இருபத்தெட்டு நிமிஷம். இன்னும் கால் மாத்தல.” எனக்குக் கண்ணைச் சொக்கியது. மறுநாள் ஞாயிறு என்றாலும் எனக்கு வேலை. போகலாமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

பதினொன்றரைக்கு மேல் குளத்தின் ஓரத்தில் ஈரச் சேறு ஒரு கோடுபோல வெளியே தெரிந்தது. விம்பிரல் முதுகிலிருந்து அலகை உருவியது. மடக்கி வைத்திருந்த காலை மெல்ல இறக்கி, இன்னொரு காலுக்குப் பக்கத்தில் வைத்தது. ஒரு சிறகையும் ஒரு காலையும் பின்னால் நீட்டி, நாம் சோம்பல் முறிப்பதுபோல முறித்தது. பிறகு சேற்றை நோக்கி நடக்கத் தொடங்கியது, விரல் நுனியில்.